வாயிலில் நிற்போருக்கு ஓர் அரங்க இரவு

(நெளுக்குளத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நாடகத்தைப் பற்றிப் பேச வருவோர் நாடகாசிரியரின் திறத்தையோ நடிகரின் ஆற்றலையோ எடுத்துப் பேசுவது வழக்கம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது நாடகம் பார்க்க வராதவர்களைப் பற்றி. வராதவர்கள் என்னும்போது, விருப்பமின்றி வீட்டிலிருந்துவிட்டவர்களை நான் கருதவில்லை. நுழைவுச்சீட்டின் விலையாலோ, இரவில் வீடு திரும்ப பஸ் இல்லாமையாலோ, முன்வரிசையில் இருந்தால் யார் என்ன சொல்வார்களோ என்று பல தலைமுறைகளாக ஊறிப்போன கூச்சத்தாலோ, மேடையிலே பேசப்படும் தமிழ் தம் வீட்டுத் தமிழாய் இராமையாலோ, சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்தளந்தானும் இல்லாமையாலோ, மண்டபத்தின் வாயிலோடு நின்றுவிடுகின்ற சமூகங்களையே கருதுகிறேன். அவர்களுக்கென்று ஓர் இரவை ஒதுக்கி, முறையாக அழைத்து, உபசரித்து, நாடகத்தைக் காட்டி, முடிந்தபின் கூடியிருந்து பேசி உறவாடும் வழக்கம் உலகின் சில நகரங்களில் இப்போது வேரூன்றி வருகின்றது. வன்னி நிலத்துக்கு, விசேஷமாக நெளுக்குளத்துக்கு, அவ்வழக்கம் மிக வேண்டியது என்பது என் துணிபு. அதற்குரிய காரணங்களை எம்முடைய அரங்க வரலாற்றிலிருந்தே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

வன்னியிலே அரங்கு என்பது ஒரு காலத்தில் கோயில் வீதியிலும் வயல்வெளியிலும் இருந்தது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலைச் சூழ்ந்து வளர்ந்த முள்ளியவளைப் பிரதேசத்தின் கோவலன் கூத்தும், அம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடப்பட்ட காத்தவராயன் கூத்தும் இன்றுவரை இம்மண்ணின் பெரும் நாடகங்கள். வெள்ளாண்மை வெட்டி முடிந்த காலத்து இரவொன்றிலே, பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில், பாயும் சாக்கும் கொண்டுவந்து நிலத்திலே விரித்துக் கிழவரும் குழந்தையும் கிடந்தும் இருந்தும் பார்க்க, ஓரத்திலே கச்சான் விற்பவள் தன் குப்பிவிளக்கைத் தூண்டிக்கொண்டிருக்க, அண்ணாவியார் ஒருபுறம் நின்று வரவுப்பாட்டை எடுத்துக்கொடுக்க, சிந்துநடையிலே ஆடிவரும் காத்தான் ஒருவன் போய் அடுத்த பருவத்துக் காத்தான் வந்து, கிழக்கு வெளுக்கும் வேளையில் கடைசிக் காத்தான் கழுமரம் ஏறுவதைக் கண்டு பெண்கள் கண்ணீர்விட்டுக் கும்பிடுகின்ற அந்த அநுபவத்துக்கு நுழைவுச்சீட்டு இல்லை. வராதவர் என்று ஒரு பகுதியாரும் பெரும்பாலும் இல்லை. உயர்குலத்துப் பெண்ணைக் காதலித்ததற்காகக் கழுவேற்றப்பட்ட ஒருவனின் கதையை ஊர் முழுவதும் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தது என்பது சாமானியமான செய்தியன்று.

ஆயினும் அந்தக் கூத்துக் களரியைச் சுவர்க்கமாக வருணித்துவிட்டால் அது உண்மைக்குச் செய்யும் துரோகமாகும். வந்தவர் எல்லாரும் ஒன்றாக இருந்தார்களா என்று கேட்டால், பல ஊர்களிலே இல்லை. எவர் முன்னே இருப்பது, எவர் ஒதுங்கியிருப்பது, எவர் வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பது என்பதைச் சாதியே தீர்மானித்தது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், சாதிபேதத்துக்கு எதிராகக் குரல்கொடுத்த காலத்திலே, பாடசாலையில் ஒரே வாங்கில் எல்லாப் பிள்ளைகளும் இருக்கலாம் என்ற சம ஆசனக் கொள்கைக்கே எத்தனை எதிர்ப்பு எழுந்தது என்பதை இங்குள்ள முதியவர்கள் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். பாடசாலைக் கொட்டில்களுக்குத் தீ வைத்தவர்களும் இருந்தார்கள். படிக்க வந்த பிள்ளைக்கே ஆசனம் மறுத்த சமூகம், கூத்துப் பார்க்க வந்தவனுக்கு மட்டும் தாராளமாக இடங்கொடுத்திருக்கும் என்று எண்ணுவது எங்ஙனம்?

பின்னர் கூத்து மண்டபத்துக்கு வந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன், 1950களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவை வழிநடத்தி, நாட்டுக்கூத்துகளைத் தேடி ஊர் ஊராகச் சென்று, பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் மேடையேற்றியது தமிழ் நாடக சரித்திரத்தின் திருப்புமுனை. விடிய விடிய ஆடிய கூத்து, கற்றோர் நாற்காலியில் இருந்து பார்க்கத்தக்க குறுகிய நேரத்துக்குள் அடக்கப்பட்டது. ஒளியும் உடையும் செப்பனிடப்பட்டன. பாமரர் கலை என்று இகழப்பட்டது தேசத்தின் கலை என்று மதிக்கப்படலாயிற்று. அந்த மகத்தான பணியை நான் குறைத்துச் சொல்லேன். ஆனால் அதன் மறுபக்கத்தையும் ஆராய வேண்டியது நம் தலைமுறையின் கடமை. கூத்து மண்டபத்துக்கு வந்தபோது கூத்தின் மக்கள் அதனோடு வரவில்லை. களரியில் நிலத்திலே இருந்தவர், மண்டபத்தின் நாற்காலியை யாருக்கோ உரியதென்று கருதி வெளியிலேயே நின்றுகொண்டார். அரைநூற்றாண்டுக்கு மேலாக எங்கள் நவீன அரங்கு இந்தக் குறையைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்தக் குறையை உணர்ந்து, மண்டபத்தை விட்டு மக்களிடம் போனவர்களும் நம்மிடையே தோன்றினார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பொருளாகக்கொண்ட கந்தன் கருணை என்னும் நாடகம் இதற்குத் தலைசிறந்த உதாரணம். என். கே. ரகுநாதன் எழுதிய அதனை, இளைய பத்மநாதன் முதலானோர் அம்பலத்தாடிகள் குழுவின் வாயிலாகக் காத்தவராயன் கூத்துப் பாங்கில் உருமாற்றி ஆடினார்கள். அவர்கள் தெரிந்த வடிவத்தைக் கவனியுங்கள். எந்த மக்கள் கோயிலுக்குள் விடப்படவில்லையோ அந்த மக்கள் சிறுபிராயம் முதல் கேட்டுப் பழகிய மெட்டு அது. பார்வையாளனை அழைப்பதற்கு நாடகத்தின் இசையே போதுமானதாயிருந்தது. இது நமக்குரியது என்று அவன் முதற்பாட்டிலேயே அறிந்துகொண்டான். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி 1985இல் ஆடப்பட்ட மண் சுமந்த மேனியர், யுத்தத்தின் நிழலிலே யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் திறந்தவெளிகளுக்குச் சென்றபோதும், நாடகம் என்றாலே அறியாதிருந்த குடும்பங்கள் தங்கள் துயரைத் தாங்களே எதிரில் கண்டு நின்றன. கந்தன் கருணை என்னும் ஒரு நாடகம் தீண்டாமை ஒழிப்பு இயக்கத்துக்கு அளித்த பலத்தை நூறு பிரசங்கங்கள் அளித்திருக்குமா என்பது சந்தேகமே.

இனி வெளியுலகைச் சிறிது நோக்குவோம். பண்டை ஏதென்ஸ் நகரில் வறிய பிரஜைகள் நாடக விழாவுக்கு வருவதற்காகப் பொதுநிதியிலிருந்து பணம் கொடுக்கப்பட்டது. ஓர் ஆசனத்தின் விலையாக இரண்டு ஓபல் நாணயங்கள் என்பர்; இதனைத் தொடக்கியவன் பெரிக்கிளிஸ் என்பது மரபு. அரங்கு பார்ப்பது ஒரு பிரஜையின் உரிமை என்றும், வறுமை அதற்குத் தடையாகலாகாது என்றும் ஓர் அரசு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எண்ணியது வியப்புக்குரியது. பிரஜையல்லாதாருக்கு அந்நிதி இல்லை என்பதையும் மறத்தலாகாது. மலையகத் தமிழரின் கதையை அறிந்த நமக்குப் பிரஜை என்ற அந்தச் சொல்லின் பாரம் தெரியும்.

நம் காலத்திலே, 2011 அக்டோபரில், நியூயோர்க்கின் பிராட்வே அரங்கொன்றிலே தி லயன் கிங் என்ற இசைநாடகம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்குமாக ஒருநாள் ஆடப்பட்டது. திடுக்கிட வைக்கும் ஓசைகளும் கண்ணைக் குத்தும் ஒளிகளும் குறைக்கப்பட்டன. இருப்புக் கொள்ளாத பிள்ளை எழுந்து உலாவ வெளியே அமைதியான இடம் விடப்பட்டது. பிள்ளை கூச்சலிட்டாலும் திரும்பிப் பார்த்து முகஞ்சுளிப்பார் எவரும் அவையில் இல்லை. பல ஆண்டுகளாக அரங்குப் பக்கமே தலைவைக்க அஞ்சிய தாய்மாருக்கு அந்த ஒருநாள் எத்தகையதாக இருந்திருக்கும்! பின்னர் 2019 செப்டெம்பர் 18ஆந் தேதி, ஜெரெமி ஓ. ஹாரிஸ் எழுதிய ஸ்லேவ் பிளே என்னும் நாடகம் அதே பிராட்வேயின் கோல்டன் அரங்கில் கறுப்பின மக்களுக்கென அழைப்பு விடுத்து ஆடப்பட, 800க்கு மேற்பட்ட ஆசனங்களும் அவர்களால் நிரம்பின. அடிமைமுறை இன்றைய உறவுகளிலும் விட்டுச்சென்ற வடுவைப் பற்றிய நாடகத்தை, பிறர் கண்கள் தம்மைக் கவனிக்கின்றன என்ற எண்ணமின்றி, சிரிக்க வேண்டிய இடத்திலே சிரித்தும் குமுற வேண்டிய இடத்திலே குமுறியும் அவர்கள் பார்த்தார்கள்.

2024இல் அதே நாடகம் இலண்டனுக்கு வந்து, அங்கும் அத்தகைய இரண்டு இரவுகள் அறிவிக்கப்பட்டபோது, பிரதம மந்திரியின் அலுவலகமே அதனைக் கண்டித்தது. இனத்தின் பேரால் பார்வையாளரைப் பிரிப்பது தவறு என்றது. எவரும் வாயிலில் தடுக்கப்படமாட்டார் என்று நடத்தியோர் விளக்கம் சொன்னார்கள். இந்த விவாதத்தை நாம் அசட்டை செய்தல் கூடாது. ஏனெனில், தனி ஆசனம் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு சுடும் மண் இது. ஒடுக்கப்பட்டோருக்கு வேறாய் ஓர் இரவென்றால், பழைய வேலி மீண்டும் எழுந்துவிட்டதென்று இங்குள்ள ஒருவர் வருந்தினால் அவ்வருத்தத்திலே நியாயம் உண்டு.

நான் நெடுநாள் சிந்தித்து வந்த முடிபு இது. ஒதுக்கிவைப்பவன் இடும் வேலிக்கும், ஒதுக்கப்பட்டவன் தலைமாட்டில் அமரும்படி விரிக்கப்படும் பாய்க்கும் உள்ள வேறுபாடு, இருக்கும் இடத்தில் இல்லை. யார் அழைக்கிறார், யார் உபசரிக்கப்படுகிறார் என்பதில் இருக்கிறது. ஆண்டின் எஞ்சிய இரவுகள் எல்லாம் யாருக்காக நடக்கின்றன என்று கணக்கெடுத்துப் பார்த்தால், பிரிவினை எப்போதோ நடந்து முடிந்திருப்பது தெரியும். ஆகவே அத்தகைய இரவை நான் ஆதரிக்கிறேன். ஆனால் நம் நாட்டுக்கு ஏற்றவாறு ஒரு திருத்தத்தோடு. அந்த இரவிலே அச்சமூகத்தவர் விருந்தினராகவும் வேண்டாம், வீட்டுக்காரராக இருக்கட்டும். ஏனையோர் வரலாம், அவர்களுடைய விருந்தினராக, அவர்கள் காட்டும் இடத்தில் இருந்து பார்க்கலாம்.

நெளுக்குளத்தைப் பற்றி இப்போது பேசுகிறேன். வவுனியாவிலிருந்து மன்னார் வீதியிலே வரும்போது இருமருங்கும் நாம் காணும் ஊர்கள் வன்னியின் பழங்குடிகளால் மட்டும் ஆனவையல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டு, 1977இலும் அதன்பின்னரும் நிகழ்ந்த வன்செயல்களால் தோட்டங்களை விட்டு ஓடிவந்த மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலே காடு வெட்டிக் குடியேறினர். அவர்களை இருத்துவதற்கு எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் வவுனியாவைத் தளமாகக்கொண்டு நடத்திய காந்தியம் இயக்கம் செய்த தொண்டும், 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையிலே இராஜசுந்தரம் கொல்லப்பட்டதும் நீங்கள் அறியாதவையல்ல. இதே வீதியிலே, சாளம்பைக்குளம் போன்ற முஸ்லிம் கிராமங்களின் மக்கள் 1990இல் இடம்பெயர்ந்து நெடுங்காலம் கழித்துத் திரும்பினர். 2009இல் முல்லைத்தீவுக் கரையிலிருந்து எஞ்சிய உயிரோடு வந்தவர்களை இப்பக்கத்துப் பாடசாலைகளும் மெனிக் பாம் முகாமும் தாங்கின. அவயவம் இழந்தவரும், கணவரை இழந்த பெண்களும் இன்று நம் அயலிலே வாழ்கின்றனர். இவ்வளவு சரித்திரத்தைச் சுமந்த மக்கள் இவ்வளவு சிறிய பரப்பில் சேர்ந்து வாழும் இடங்கள் இலங்கையிலே அரிது. இவர்களில் எத்தனை பேர் ஒரு நாடக மண்டபத்தின் உட்புறத்தைக் கண்டிருப்பர்?

நகர மண்டபம் ஒன்றிலே நான் கண்டதொன்றைச் சொல்லுகிறேன். பரிசு பெற்ற நாடகமொன்று. போரிலே பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருத்தியே அதன் நாயகி. முன்னிரண்டு வரிசைகளும் வெள்ளைத்துணி போர்த்து அதிதிகளுக்கென வைக்கப்பட்டிருந்தன. அவற்றுட் பாதி கடைசிவரை வெறுமையாகவே கிடந்தன. அந்த மண்டபத்தைக் கூட்டித் துடைக்கும் பெண்மணி, விளக்குமாற்றைச் சுவரோடு சாத்திவிட்டு, கதவோரத்தில் நின்றபடியே நாடகம் முழுவதையும் பார்த்தார். இருக்கும்படி அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாடகம் முடிந்து நன்றியுரை நடந்தபோது அவர் அருகிலிருந்த பிள்ளை ஒருத்தியிடம், "பிள்ளை, அந்த மனுசி கடைசியிலே விளக்கை அணைக்கிறது சரியில்லை, நாங்கள் அணைக்கிறதில்லை, எரியவிட்டுத்தான் படுக்கிறது" என்றார். அன்றைய மேடையிலே பேசிய பிரமுகர் எவரும் சொல்லாத விமரிசனம் அது. நாடகத்தை எழுதியவரின் காதுக்கு அது போய்ச் சேரவேயில்லை. நாடகம் முடிந்தபின் கூடியிருந்து பேசுதல் என்று நான் சொன்னது இதற்காகத்தான். அந்தப் பெண்மணியைப் பேசவைத்து, எழுதியவரைக் கேட்கவைக்கும் ஓர் ஒழுங்கு இருந்திருந்தால், அந்நாடகம் அடுத்த மேடையிலே மேலும் சிறந்திருக்கும்.

மலையக மக்கள் தம்மோடு கொண்டுவந்த கலைச்செல்வத்தையும் இங்கு நினைத்தல் தகும். மாசி மாதத்திலே பிறை கண்டு கம்பம் நாட்டி, தப்பு முழங்க, ரதியும் மன்மதனும் லயத்து வாசல்தோறும் ஆடிவர, காமன் எரிந்து ரதி புலம்பும்போது தோட்டமே சேர்ந்து புலம்புகின்ற காமன் கூத்தில் நடிகர் யார், பார்வையாளர் யார் என்று பிரித்துக் காண்டல் அரிது. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அவர்களுடைய இரவுகளை நிறைத்தன. இத்தகைய அரங்க ஞானம் உடையவர்களை, நாடகம் அறியாதவர்கள் என்று எண்ணி நாம் கற்பிக்கப் புறப்படுவது பெரும் பிழை. மட்டக்களப்பிலே சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் கூத்தினை ஊரவரோடு கூடியிருந்தே மீளுருவாக்க முயன்றதில் நமக்கு ஒரு பாடம் உண்டு: கதையிலே எதை மாற்றுவது, எதை விடுவது என்பதை ஊரார் கலந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். 2003 முதல் பராக்கிரம நிரியெல்லவும் தோழர்களும் நடத்திய ஜனகரளிய என்ற நடமாடும் அரங்கமும், சிங்களத்திலும் தமிழிலும் நடிக்கும் இளைஞரைச் சேர்த்துக்கொண்டு, மண்டபம் இல்லாத ஊர்களுக்குத் தன் கூடாரத்தையே கொண்டுபோய்ச் சேர்த்தது.

செய்யும் முறையைச் சிறிது சொல்ல வேண்டும். உயர்ந்த எண்ணங்கள் பஸ் இல்லாமையால் அழிந்துபோவதை நான் கண்டிருக்கிறேன். அழைப்பிதழ் அச்சடித்துக் கிராம சேவையாளரிடம் கொடுத்துவிட்டால் மக்கள் வந்துவிடமாட்டார்கள். மாதர் சங்கத்துத் தலைவியும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் கோயில் தொண்டரும் வீடு வீடாகச் சென்று வாயால் அழைக்க வேண்டும். வாயால் அழைத்தலே நம் நாட்டில் அழைப்பு. கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கு வாகனம் முதலிலேயே பேசியிருக்க வேண்டும். தொழுகை நேரமும் நோன்புக் காலமும் விலக்கப்பட வேண்டும். கூலிவேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் எழும்ப வேண்டியவர்கள் ஆதலால், நாடகம் மாலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிவது நன்று. சக்கர நாற்காலிக்கும் ஊன்றுகோலுக்கும் உரிய இடம் முன்வரிசையின் நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் வேண்டாம். பிரமுகர் வரவேற்பு, பொன்னாடை, மாலை என்பன அன்றிரவு அறவே வேண்டாம். குழந்தை அழுதால் அழட்டும். களரியிலே குழந்தை அழாத கூத்தும் உண்டோ? முடிந்தபின் தேநீரும் வடையும் கொடுத்து வட்டமாக இருந்து பேச ஒரு மணி நேரமாவது வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டால் மிச்சம் எல்லாம் வெறும் தர்மக்காட்சியாகிவிடும்.

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம் வைத்து என் உரையை முடிக்கிறேன். ஆண்டுதோறும் அறிஞர் ஒருவரை அழைத்துச் சொற்பொழிவு நிகழ்த்துவித்து அச்சிடுகிறீர்கள். அது நல்ல பணி. வரும் ஆண்டுக்குச் சொற்பொழிவாளர் வேண்டாம். அந்தப் பணத்தை இரண்டு பஸ்களுக்கும் ஒரு பந்தலுக்கும் தேநீருக்கும் கொடுங்கள். மாசி மாதத்திலே நெளுக்குளத்தில் ஓர் இரவை ஒழுங்கு செய்யுங்கள். என்ன நாடகம் ஆடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பை, இதுவரை கதவோரத்தில் நின்று பார்த்தவர்களிடமே கொடுங்கள். அந்த இரவுக்கு என்னையும் அழைத்தால், அவர்கள் காட்டும் இடத்தில் வந்து இருப்பேன்.